அமேசான் படகுப் பயணம்: மே மாதமா, செப்டம்பரா? எந்த ஊரிலிருந்து கிளம்புவது?

வேம்புநிழல்:

வணக்கம். அடுத்த வருடம் அமேசான் காட்டுக்குள் வழிகாட்டியோடு படகில் போய் விலங்குகள் பார்க்கலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 14 வயது மகன், 66 வயது மாமியார் என 4 பேர். மாமியார் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலி இருப்பதால் அதிகம் நடக்க முடியாது, ஆனால் மணிக்கணக்கில் உட்கார்ந்து வருவார். தென் அமெரிக்காவுக்குள் மொத்தம் 9 நாள் இருக்கிறது.

பெருவின் இக்கிடோஸா, பிரேசிலின் மனாஸா என்பதிலேயே குழப்பம். மே மாதம் போனால் வெள்ளம் என்கிறார்கள். செப்டம்பரில் தண்ணீரே இருக்காது என்கிறார்கள். விலங்கு பார்க்க எது நல்லது? பெரிய கப்பலில் போவதா, காட்டு விடுதியில் தங்கிச் சிறு படகில் சுற்றுவதா? மகனுக்கு ஜாகுவார் பார்க்க வேண்டும். எனக்கு இளஞ்சிவப்பு டால்பினும், மரக்கிளையில் தொங்கி மெதுவாக நகரும் ஸ்லாத்தும், குரங்குகளும் போதும். ஊசி, மாத்திரை, கேமரா விஷயங்களும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றுமணல்:

வணக்கம் மேடம். அமேசானுக்கு மாதம் குறிக்கும்போது மழையைப் பார்க்காதீர்கள், ஆற்றின் மட்டத்தைப் பாருங்கள். இக்கிடோஸில் மழை பன்னிரண்டு மாதமும் பெய்யும். ஆனால் ஆறு வருடத்துக்கு ஒரு முறைதான் ஏறும், ஒரு முறைதான் இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 7 மீட்டர், சில வருடம் அதற்கும் மேல். இரண்டு மாடி வீடு முழுகும் உயரம் அது. இக்கிடோஸ் பக்கம் ஏப்ரல், மேயில் உச்சம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அடிமட்டம். மனாஸ் ஆற்றோட்டத்தில் ஏறக்குறைய 2,000 கி.மீ. கீழே இருக்கிறது. அங்கே உச்சம் ஜூனில், அடிமட்டம் அக்டோபர், நவம்பரில்.

மே மாதத்து "வெள்ளம்" நம் ஊர் வெள்ளம் மாதிரி ஆபத்தாக அடித்துக்கொண்டு வருவதில்லை. தண்ணீர் காட்டுக்குள் பரவி, மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். வள்ளம் கரையோடு போகாமல் மரங்களுக்கு நடுவிலேயே புகுந்து போகும். 20 மீட்டர் உயரக் கிளையில் இருக்கும் குரங்கைத் தரையில் நின்று பார்த்தால் வயிறு மட்டும்தான் தெரியும். நீங்களே 6, 7 மீட்டர் மேலே மிதக்கும்போது அதன் முகம் தெரியும். குரங்கு, ஸ்லாத், கிளி எல்லாவற்றுக்கும் இந்தக் காலம்தான் நல்லது.

செப்டம்பரில் கதை மாறும். மணல் திட்டுகள் எழும்பும். நாரைகள், கொக்குகள், ஆலாக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும். மீன்கள் சுருங்கிய குளங்களில் மாட்டிக்கொள்வதால் கேமன் முதலைகளும் டால்பின்களும் அங்கேயே சுற்றும். ஆமைகள் மணலில் முட்டையிடுவதும் தண்ணீர் இறங்கிய காலத்தில்தான். பறவைக்கும் முதலைக்கும் இதை விடச் சிறந்த காலம் கிடையாது.

ஆனால் உங்கள் குடும்பத்துக்கு மே என்றே சொல்வேன். காரணம் முழங்கால். தண்ணீர் இறங்கியதும் கரை செங்குத்தான சேற்றுச் சுவராகிவிடும். விடுதிக்கு ஏற மரக்கட்டை பதித்த வழுக்குப் படிகள், 5, 6 மீட்டர் உயரத்துக்கு, ஒவ்வொரு பயணத்துக்கும் இறங்கி ஏற வேண்டும். மேயில் அதே படிகள் தண்ணீருக்குள் கிடக்கும், படகு விடுதி வாசலிலேயே வந்து நிற்கும். செப்டம்பரில் சிறு கால்வாய்கள் தூர்ந்து, பயணிகள் சேற்றில் இறங்கிப் படகைத் தள்ள வேண்டி வருவதும் சகஜம்.

இடம்: இக்கிடோஸ், அங்கிருந்து பக்காயா-சமிரியா தேசியக் காப்பகம். லிமாவிலிருந்து விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். இக்கிடோஸுக்கு நாட்டின் மற்ற ஊர்களிலிருந்து சாலையே கிடையாது. அங்கிருந்து நவுட்டா வரை போகும் ஒரே சாலை சுமார் 100 கி.மீ. நவுட்டாவுக்குப் பக்கத்தில்தான் மரான்யோனும் உக்கயாலியும் சேர்ந்து அமேசான் என்ற பெயரை எடுக்கின்றன. அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடப்பதுதான் இந்தக் காப்பகம். உள்ளே போகக் காப்பக அனுமதிச் சீட்டு வேண்டும். உங்கள் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைந்தது 4 இரவு, 5 பகல் வையுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் சாலையிலும் பெரிய ஆற்றிலும் போய்விடும். 2 இரவுத் திட்டம் எடுத்தால் உண்மையில் கிடைப்பது ஒரு முழு நாள்தான். அன்று மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான். இக்கிடோஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் பயணங்களில் நல்ல காட்டை எதிர்பார்க்காதீர்கள். ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் வேட்டையும் மரம் வெட்டும் நடந்திருக்கிறது, குரங்குகள் மனிதக் குரல் கேட்டதுமே விலகிவிடும்.

மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: ஜாகுவார் இந்தக் காட்டில் இருக்கிறது, ஆனால் படகிலிருந்து பார்ப்பது மிக அரிது. ஈர மணலில் அதன் காலடித் தடம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஜாகுவாருக்காகவே ஒரு பயணம் என்றால் அது பிரேசிலின் பந்தனால் சதுப்பு நிலம், போர்ட்டோ ஜோஃப்ரே பக்கம், ஜூலை முதல் அக்டோபர் வரை. அது அமேசான் அல்ல, வேறொரு நிலம்.

கருங்குருவி:

ஆற்றுமணல் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். படகு பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் பலர் ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் செலவழித்துவிட்டு, எந்தப் படகில் உட்காரப் போகிறோம் என்று கேட்பதே இல்லை.

படுக்கை வசதியுள்ள பெரிய கப்பல் ஆழமான ஆற்றில்தான் நிற்க முடியும். அங்கே விலங்கு குறைவு. அதனால் அவர்களும் உங்களை 8, 10 பேராக வேகப்படகில் ஏற்றி ஓடைக்குள் கூட்டிப்போவார்கள். குளிர்சாதன அறை, நல்ல கழிவறை, கைப்பிடி வைத்த ஏணி என்று வயதானவர்களுக்கு அது வசதிதான். ஆனால் நேரம் அவர்கள் கையில். ஒரு குரங்குக் கூட்டத்தோடு அரை மணி நேரம் நிற்கலாம் என்றால் மற்ற படகுகள் காத்திருக்கும். செலவும் பல மடங்கு.

காட்டு விடுதியில் பொதுவாக மூன்று விதப் படகு இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்து விட 40 முதல் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் பின்னால் பூட்டிய நீளப் படகு. அக்கம்பக்கம் போக, அங்கே எல்லோரும் பெக்கே-பெக்கே என்று அழைக்கும் சிறு எஞ்சின் படகு. அதன் சத்தமே அதற்குப் பெயர். நம் கடற்கரை வள்ளங்களில் பார்க்கும் நீண்ட தண்டு எஞ்சின் போலவே இருக்கும், தடை வந்தால் தண்டைத் தூக்கிவிடலாம், முழங்கால் ஆழத் தண்ணீரிலும் ஓடும். மூன்றாவது, துடுப்பு போடும் வள்ளம். விலங்கு பார்ப்பது இந்த மூன்றாவதில்தான். முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எஞ்சின் இல்லாமல் துடுப்பில் போவோம்?" தெளிவான பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

எஞ்சின் படகிலும் நல்ல படகோட்டி செய்வது ஒன்று உண்டு. மரத்தில் ஏதாவது கண்ணில் பட்டால் நேரே அதை நோக்கி ஓட்ட மாட்டார். எதிர்க்கரையை ஒட்டி, வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப்போய், 100 மீட்டர் மேலே எஞ்சினை அணைத்துவிட்டு, நீரோட்டத்தோடு சத்தமில்லாமல் இறங்கி வருவார். எஞ்சின் சத்தம் திடீரென்று மாறுவதுதான் விலங்குகளைக் கிளப்பிவிடும். ஒரே சீராகப் போகும் சத்தத்தை ஆற்றோர விலங்குகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

நேரம்: சூரியன் வருடம் முழுவதும் சுமார் 6 மணிக்கு எழும், 6 மணிக்கு விழும். காலை 5:30க்கு வள்ளத்தில் இருக்க வேண்டும். 8:30 வரை குரங்கும் பறவையும். சிவப்பு ஹவுலர் குரங்கின் முழக்கம் விடியலில்தான், கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். 10 முதல் 3 வரை காடு அடங்கிவிடும், அந்த நேரத்தில் தூங்குங்கள். டால்பின் மட்டும் நாள் முழுவதும் தெரியும். ஓடை பெரிய ஆற்றில் கலக்கும் முகத்துவாரத்தில் படகை நிறுத்தி 20 நிமிடம் காத்திருந்தால் போதும். இளஞ்சிவப்பு டால்பின் தாவிக் குதிக்காது. முதுகில் கூர்மையான துடுப்பும் கிடையாது, நீளமான மேடு மட்டும்தான். ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்கும், நெற்றியும் முதுகும் தெரியும், அடுத்த நொடி இல்லை. துள்ளிக் குதிப்பது டுகூஷி என்ற சிறிய சாம்பல் டால்பின். மாலை 3:30 முதல் இருட்டும் வரை மறுபடி ஒரு சுற்று, இரவு 7 மணிக்கு மேல் கேமன் முதலைக்கு ஒரு சுற்று. டார்ச்சைக் கண் மட்டத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தால்தான் முதலையின் கண் சிவப்பாகத் திருப்பி ஒளிரும். இடுப்பில் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

ஸ்லாத் பார்க்க: இதைத் தமிழில் பலர் தேவாங்கு என்று எழுதுகிறார்கள். தேவாங்கு நம் ஊர் விலங்கு, பெருங்கண்ணும் ஒல்லிக்காலும் கொண்ட இரவு உயிரினம், இதற்கும் அதற்கும் உறவே இல்லை. ஸ்லாத்தை ஆற்றோரத்தில் செட்டிகோ மரங்களில் தேடுங்கள். பெரிய கைவிரித்த இலை, கிளை குறைவு, உள்ளே ஒளிய இடமில்லாத மரம். மழை விட்டு வெயில் வந்ததும் உச்சிக்கு ஏறி உடம்பைக் காயவைக்கும். கிளை பிரியும் இடத்தில் காய்ந்த புல் கட்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் பைனாகுலரை வையுங்கள். மயிரில் பாசி படிந்து பச்சை கலந்திருக்கும்.

உங்கள் மகனுக்கு ஒன்று: பிக்மி மார்மொசெட். உலகின் மிகச் சிறிய குரங்கு, எடை 100 கிராமைச் சற்றே தாண்டும். அதைத் தேட மாட்டார்கள், அதன் மரத்தைத் தேடுவார்கள். ஆற்றோர மரத்தின் தண்டில் விரல் நுனி அளவுக்கு வட்டக் குழிகள் நெருக்கமாக, சல்லடை போட்டதுபோல் இருக்கும். பட்டையைப் பல்லால் தோண்டிப் பிசின் ஊற விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப அதே குழிக்கு வந்து நக்கும். அந்த மரத்துக்கு 10 மீட்டர் தள்ளி வள்ளத்தை ஒரு கொடியில் பிடித்து நிறுத்திப் பேசாமல் கால் மணி நேரம் இருங்கள். முதலில் அணில் ஓடுவதுபோல் தண்டின் பின்பக்கம் ஏதோ சுற்றும். பிறகு ஒரு சின்ன முகம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

வள்ளத்தில் கவனிக்க வேண்டியவை. வெள்ளக் காலத்தில் தரையில் வாழ்ந்த எறும்பெல்லாம் கிளைகளில் ஏறியிருக்கும். கிளை முகத்துக்கு வந்தால் கையால் விலக்காதீர்கள், குனியுங்கள். துடுப்புக்காரர் விலக்குவார். குளவிக்கூடு இலையடியில் தொங்கும். நெருப்பெறும்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பந்தாக மிதந்து வரும், தண்ணீரில் கை நனைக்காமல் இருப்பதற்கு அதுவே போதுமான காரணம். யாராவது எதையாவது பார்த்தால் எழுந்து நிற்கக் கூடாது. "10 மணித் திசை, இரண்டாவது மரம், பாதி உயரம்" என்று மெதுவாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்குப் படகில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு உயிர்காப்பு உடை (14 வயதுப் பையனுக்குச் சரியான அளவில்), இரண்டு துடுப்பு, உபரி எரிபொருள், மாற்று புரொப்பெல்லர், அதன் ஷியர் பின் சில. மிதந்து வரும் மரக்கட்டையில் புரொப்பெல்லர் மோதும்போது எஞ்சின் கெடாமலிருக்க அந்தப் பின்தான் முதலில் உடையும். கையில் வேறு பின் இல்லாவிட்டால் நடு ஆற்றில் மிதக்க வேண்டியதுதான். நீர்த்தாவரம் சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்து, தூக்கி, கத்தியால் அறுக்க வேண்டும். அணைக்காமல் முறுக்கினால் சூடேறிவிடும். இருட்டிய பிறகு பெரிய ஆற்றில் வேகப்படகில் போக ஒப்புக்கொள்ளாதீர்கள். பாதி முழுகிய கட்டைகள் பகலிலேயே சரியாகத் தெரியாது.

மருந்துப்பெட்டி:

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி முதலில், ஏனென்றால் இதில் தவறினால் சிக்கல் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில்தான். பெரு, பிரேசில் இரண்டும் இந்தியாவின் பட்டியலில் இருக்கும் நாடுகள். அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். தனியார் கிளினிக்கில் போட்டுக்கொண்டு வரும் சீட்டு செல்லாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் ஒன்று. பாஸ்போர்ட் கட்டாயம். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் போடுவதால் முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

மாமியாருக்கு 66 வயது. 60க்கு மேல் முதல்முறையாக இந்த ஊசி போடுபவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களை விட அதிகம். அவருடைய மருத்துவரிடம் எல்லா மருந்துச் சீட்டுகளோடும் போய்ப் பேசிவிட்டுத்தான் விமானச் சீட்டு எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு போன்ற நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மருத்துவக் காரணத்தால் ஊசி வேண்டாம் என்று முடிவானால், விலக்குச் சான்றிதழை எந்த வடிவத்தில் கேட்பார்கள் என்று துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் கிளம்பும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்த ஊசி மருந்து கோழிமுட்டைக் கருவில் வளர்க்கப்படுவது. முட்டை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாது. சுத்த சைவமான அவரிடம் இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இக்கிடோஸ் இருக்கும் லொரெட்டோ பகுதியில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை எது என்று மருத்துவர் முடிவு செய்வார். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், பாலோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் வந்த பிறகு 7 நாள் போதும், கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். நாள் குறைவான பயணத்துக்கு இரண்டாவதே பலருக்குத் தோது. ஊர் திரும்பி மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "அமேசான் போய் வந்தோம்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விவாக்ஸ் என்ற வகை மலேரியா ஈரலில் பதுங்கியிருந்து பிறகு எழும்.

கொசு விரட்டி, டீட் (DEET) என்ற வேதிப்பொருள் 20 முதல் 30 சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு விரட்டி. டீட் பட்டால் பைனாகுலர் ரப்பர், கண்ணாடிச் சட்டம், வாட்ச் பட்டை இளகிவிடும். புறங்கையால் பூசிக்கொண்டு, கேமராவைத் தொடும் முன் விரலைத் துடையுங்கள். இறுக்கமான லெக்கிங்ஸ் வேண்டாம், கொசு துணிக்கு மேலேயே கடிக்கும். தொளதொள பருத்தி-நைலான் கலந்த முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும் போதும். ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் அங்கே காயவே காயாது.

வேம்புநிழல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மே, இக்கிடோஸ், 4 இரவு என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு முகவர் 3 நாள் திட்டம் அனுப்பியிருக்கிறார், விலை பாதிதான். "ஸ்லாத்தைக் கையில் ஏந்தலாம், அனகொண்டாவைத் தோளில் போட்டுப் படம் எடுக்கலாம், குரங்குத் தீவு, பிரான்யா மீன்பிடி, டால்பினோடு நீச்சல்" என்று இருக்கிறது. மகன் ஆசைப்படுகிறான். எடுக்கலாமா? சைவச் சாப்பாடு பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மழைக்காடன்:

வேண்டாம். விலைக்காகக்கூட வேண்டாம். கையில் கொடுக்கப்படும் ஸ்லாத் காட்டிலிருந்து பிடித்து வரப்பட்டது. பெரும்பாலும் தாயைக் கொன்றோ மரத்தை வெட்டியோ எடுத்த குட்டி. ஸ்லாத் பயந்தால் ஓடாது, கத்தாது, அப்படியே உறைந்துபோகும். அந்த முகத்தின் அமைப்பே சிரிப்பதுபோல் இருப்பதால் அதற்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நாளெல்லாம் கை மாறிக் கை மாறி, சரியான இலையும் இல்லாமல், அதிக நாள் உயிரோடு இருக்காது. அது செத்தால் இன்னொன்றைப் பிடித்து வருவார்கள். அனகொண்டாவும் அப்படித்தான். படத்துக்குக் கொடுக்கும் காசுதான் அடுத்த விலங்கைக் காட்டிலிருந்து வெளியே இழுக்கிறது. உங்கள் மகனுக்கு 14 வயது, இதைச் சொன்னால் நன்றாகவே புரிந்துகொள்வான்.

இதே அளவுகோலால் வழிகாட்டியையும் பார்த்துக்கொள்ளலாம். இரவில் குட்டிக் கேமனைத் தண்ணீரிலிருந்து பிடித்துக் காட்டுபவர் நல்ல வழிகாட்டி அல்ல. "பிடிக்க வேண்டாம், பார்த்தால் போதும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். விருந்தினர் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் பலர் பிடிக்கிறார்கள். காப்பகத்தை ஒட்டிய கிராமங்களைச் சேர்ந்தவர் வழிகாட்டியாக இருந்தால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். ஆங்கிலம் பேசும் வழிகாட்டி ஒருவர், ஊர்க்காரத் துடுப்புக்காரர் ஒருவர் என்று இருவர் இருப்பது சரியான அமைப்பு. பல நேரம் விலங்கை முதலில் பார்ப்பவர் துடுப்புக்காரர்தான். பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் ஆங்கிலப் பெயர் சொல்ல மாட்டார்கள்: புஃபேயோ என்றால் டால்பின், பெரெசோசோ ஸ்லாத், கோட்டோ ஹவுலர் குரங்கு, ஃப்ரைலே அணில் குரங்கு, லெயோன்சீட்டோ அந்தக் குட்டி மார்மொசெட், ஷான்ஷோ என்றால் ஹோட்சின் பறவை. ஷான்ஷோவைத் தவறவிடாதீர்கள். மாடு மாதிரி இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும் பறவை, குஞ்சுக்கு இறக்கையில் நகம் இருக்கும். ஏரியோரப் புதரில் கனத்த உடம்போடு தட்டுத்தடுமாறி ஏறும், கிட்டப் போனாலும் தூரம் பறக்காது.

டால்பின் நீச்சல்: உணவு போட்டு வரவழைக்கும் இடம் என்றால் தவிர்த்துவிடுங்கள். காட்டு டால்பின் தானாக வந்து போவதை வள்ளத்திலிருந்து பார்ப்பதே முறை. பிரான்யா மீன்பிடிக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன், அது அந்த ஊர்க்காரர்களின் அன்றாடச் சாப்பாடு. மாமியார் படகில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லலாம், அந்த ஒரு மணி நேரத்தைத் துடுப்புப் பயணத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: அங்கே "சின் கார்னே" என்றால் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொண்டு கோழியோ மீனோ வைத்துவிடுவார்கள். "நி போயோ, நி பெஸ்காதோ, நி வேவோ" என்று கோழி, மீன், முட்டை மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முன்பதிவிலேயே எழுத்தில் கொடுங்கள், ஏனென்றால் சமையல் சாமான் எல்லாம் ஊரிலிருந்து படகில் ஒரே முறைதான் வரும். சோறு, பீன்ஸ், வறுத்த வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, பனங்குருத்துச் சாலட், பழங்கள் கிடைக்கும். அரிசியும் பீன்ஸும் கோழிச் சாற்றிலோ பன்றிக்கொழுப்பிலோ வெந்திருக்கலாம், அதையும் கேளுங்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, சத்துமாவு கொண்டுபோங்கள். டப்பா காற்றுப்புகாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் இரவே எறும்பு வந்துவிடும்.

ஆற்றுமணல்:

மனாஸ் பற்றி முதல் பதிவில் விட்டுவிட்டேன், பிறகு இந்த இழையைப் படிப்பவர்களுக்காக. மனாஸின் ரியோ நெக்ரோ கரிய, அமிலத் தன்மையுள்ள நீர். கொசு வெகு குறைவு, குழந்தைகளோடு போவோருக்கு அது பெரிய வரம். ஆனால் அதே காரணத்தால் தண்ணீரில் சத்தும் குறைவு, மீனும் விலங்கும் வண்டல் ஆறுகளின் பக்கம் போல நெருக்கமாக இருக்காது. விலங்குதான் முக்கியம் என்றால் மனாஸிலிருந்து டெஃபேக்கு இன்னொரு விமானம் பிடித்து மமிராவா காப்பகம் போக வேண்டும். வெள்ளத்தில் நிற்கும் வண்டல் காடு, சிவந்த முகமுள்ள வெள்ளை உவகாரிக் குரங்கின் இருப்பிடம். அங்கேயும் மே முதல் ஜூலை நல்லது.

செப்டம்பர், அக்டோபரில் அந்தப் பக்கம் திட்டமிடுபவர்கள் சமீப வருட வறட்சியைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். 2023 அக்டோபரில் மனாஸ் துறைமுகத்தில் ஆறு 13 மீட்டருக்குக் கீழே போனது. 1902இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து அப்படி இறங்கியதில்லை. 2024இல் அதையும் தாண்டி இறங்கியது. 2023இல் டெஃபே ஏரித் தண்ணீர் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி 150க்கு மேற்பட்ட டால்பின்கள் செத்து ஒதுங்கின. சென்ற தலைமுறை எழுதிய "வறண்ட காலமே சிறந்தது" என்ற அறிவுரையை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முன்பதிவின்போது "தண்ணீர் போதாமல் படகு வர முடியாவிட்டால் பணம் திருப்பித் தருவீர்களா, தேதி மாற்றுவீர்களா" என்று எழுத்தில் கேளுங்கள்.

நீர்க்குமிழி:

கேமரா, பைனாகுலர் மட்டும். பைனாகுலர் 8x42. படகு ஆடும்போது 10 மடங்குப் பைனாகுலரில் படம் குதிக்கும், 8 மடங்கு நிற்கும். 42 மி.மீ. வாய் விடியலிலும் நிழலிலும் வெளிச்சம் பிடிக்கும். ஆளுக்கு ஒன்று வேண்டும். 4 பேருக்கு ஒன்று என்றால், கை மாறுவதற்குள் குரங்கு போய்விடும்.

லென்ஸ் 100-400 மி.மீ. போதும். ஷட்டர் வேகம் 1/1000 நொடியை விட மெதுவாகப் போக விடாதீர்கள், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 வரை ஏற விடுங்கள். மரக்கிளையில் குரங்கு, பின்னால் வெளுத்த வானம் என்றால் கேமரா ஏமாந்து குரங்கைக் கரிக்கட்டையாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 அல்லது +1.3 வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸுக்குள் மூடுபனி படிந்து அரை மணி நேரம் போய்விடும். ஜிப் பையில் மூடி, கிளம்புவதற்கு 30 நிமிடம் முன்பே வெளியே வைத்துவிட வேண்டும். 20 லிட்டர் நீர்ப்புகாப் பை ஒன்று மடியிலேயே இருக்கட்டும், மழை எச்சரித்துவிட்டு வராது. பல விடுதிகளில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம்தான் ஓடும், உபரி பேட்டரி இரண்டாவது வேண்டும்.

கருங்குருவி:

மாமியார் படகில் ஏறுவது பற்றி ஒன்று சேர்க்கிறேன். வள்ளத்தின் விளிம்பில் கால் வைத்தால் கவிழப் பார்க்கும். ஒருவர் வள்ளத்தை மிதவை மேடையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள, அவர் மேடையில் முதலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வள்ளத்தின் நடுப்பலகையில் ஊன்றி, பிறகு உடம்பை நகர்த்தி இருக்கையில் இறங்க வேண்டும். நின்றுகொண்டு ஒரு காலைத் தூக்கி வைப்பதே கூடாது. சாய்மானம் உள்ள இருக்கையை முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் வெறும் குறுக்குப் பலகைதான் இருக்கும். ஒரு காற்றடிக்கும் மெத்தைத் தலையணை எடுத்துப் போங்கள். முன் வரிசை வேண்டாம், அங்கே கிளையும் சிலந்தி வலையும் முதலில் முகத்துக்கு வரும். நடுவில் அவர், அவருக்கு முன்னால் மகன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் சுற்று என்றால் இடையில் எந்த வனக்காவல் சாவடியில் கழிவறை இருக்கிறது என்று காலையிலேயே வழிகாட்டியிடம் கேட்டு, அதற்கேற்பப் பாதையைப் போடச் சொல்லுங்கள்.

வேம்புநிழல்:

கேட்டுவிட்டேன். இன்னொரு விடுதியிலிருந்து பதில் வந்திருக்கிறது: ஒரு நாளில் 5 மணி நேரம் துடுப்பில், விலங்குகளைத் தொட அனுமதி இல்லை, சாய்மான இருக்கை இரண்டு உண்டு. கிண்டியில் ஊசிக்குப் பதிந்தாயிற்று. மாமியாரை அடுத்த வாரம் மருத்துவரிடம் கூட்டிப்போகிறோம், அவர் சொன்ன பிறகுதான் விமானச் சீட்டு.